லைன் பதினாலு, ஆறாவது குழி

இதில் ஒரு வார்த்தை பொய் இருந்தாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும். பெங்களூர் மர்பி டவுன் மாதா கெபிக்கு முன்னால், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஏற்றிய மெழுகுவர்த்தி உருகி முடிவதற்குள் சொல்கிற சத்தியம் இது. பேர்களை மாற்றவில்லை, தேதிகளை மாற்றவில்லை. பேய்க்கதை கேட்க வந்தவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இது விலாசம் தவறிப்போன ஒருவனின் கதை.

அதே மர்பி டவுனில் லவினா என்று ஒரு பெண். அவள் அப்பா சில்வெஸ்டர் அல்சூர் பக்கம் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். தண்ணீர் மோட்டார், மிக்ஸி, கிரைண்டர், எது எரிந்து போனாலும் அவர் கடைக்குத்தான் வரும். ஓடுகிற மோட்டார்மேல் ஒரு ஸ்குரூடிரைவரை வைத்து, அதன் பிடியில் காதை வைத்தாரென்றால், உள்ளே எது செத்தது என்று சொல்லிவிடுவார். அம்மா மௌரீன் நர்சரி பள்ளிக்கூட டீச்சர். அண்ணன் லாயிட் பைக்கில் சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கிற வேலை. இந்த ஊரில் அவனுக்குத் தப்பிப்போன விலாசம் கிடையாது. ‘மூணாவது கிராஸ், வேப்பமரத்துக்கு எதிர் கேட்’ என்று கொடுத்திருப்பார்கள். மரத்தை வெட்டி நாலு வருஷம் ஆகியிருக்கும். அவன் சரியாக அந்த கேட்டில் போய் நின்று மணி அடிப்பான்.

அவன் இரண்டாயிரத்து இருபத்தொன்று மே மாதம் செத்தான். வயது இருபத்துநாலு. ஊர் முழுக்க ஆக்ஸிஜனுக்கு வரிசை நின்ற வாரம் அது. மௌரீனும் லவினாவும் அதே காய்ச்சலில் உள்ளறையில் கிடந்தார்கள். வீட்டில் காய்ச்சல் வராதவர் சில்வெஸ்டர் ஒருவர்தான். ஆஸ்பத்திரி பின்வாசலில் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு அவர் ஒருவராகத்தான் ஆம்புலன்ஸில் ஏறினார். திரும்பி வந்தது மறுநாள் மத்தியானம். வீட்டுக்குள் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று, உள்ளே படுத்திருந்தவளுக்குக் கேட்கும்படி சொன்னார்.

“மௌரீன், ஆனேக்கல் ரோட்டுல புதுசா ஒரு கல்லறை திறந்திருக்காங்க. லைன் பதினாலு, ஆறாவது குழி. ஃபாதர் வந்தாரு. ஜெபம் பண்ணாரு.”

“பொட்டியிலயா?”

“பொட்டியிலதான்.”

போட்டிருந்த சட்டையை வாசலில் வைத்துக் கொளுத்தினார். அந்த நாட்களில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், அதனால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நவம்பர் இரண்டாம் தேதியும், கல்லறைத் திருநாளன்று, மூன்று பேரும் ஆனேக்கல் பஸ் ஏறினார்கள். லைன் பதினாலில் ஆறாவதாக ஒரு சிமெண்டு சிலுவை இருந்தது. அதில் பேர் இல்லை. மௌரீன் பெயிண்ட் டப்பா கொண்டுபோய்த் தன் கையாலேயே ‘லாயிட் எஸ்.’ என்று எழுதினாள். புல்லைப் பிடுங்கி, சாமந்தி போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, காற்று அணைக்காமல் முந்தானையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சில்வெஸ்டர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிடுவார். முட்டிவலி. இரண்டு குதிரைசக்தி மோட்டாரைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிற மனுஷனுக்குக் கல்லறை வாசலில் மட்டும் வருகிற முட்டிவலி.

லவினா பி.காம். கடைசி வருஷம் படிக்கும்போது, கோயில் இளைஞர் மன்றத்தின் வழியாக ஒரு வாய்ப்பு வந்தது. கனடாவுக்கு மூன்று வாரம் இளைஞர் பரிமாற்றம். ‘ஆதிகுடி மக்களின் பாரம்பரியமும் ஆன்மிகமும்’ என்று பிரசுரத்தில் போட்டு, கீழே இறகுக் கிரீடம் வைத்த ஒரு ஆள் படம் போட்டிருந்தது. எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் லவினாவும் ஒருத்தி. இரண்டாயிரத்து இருபத்துநாலு ஜூலை.

அவள் தங்கிய வீடு வடக்கே ஒரு ஏரிக்கரையில் இருந்தது. வீட்டுக்காரி பேர் வெர்னா. நாற்பத்தைந்து வயசு, தலையில் பேஸ்பால் தொப்பி, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். லவினா அவளைப் பார்த்த பார்வையிலேயே வெர்னாவுக்குப் புரிந்துவிட்டது.

“இறகைத் தேடுறியா?” என்றாள்.

லவினா வெட்கப்பட்டாள்.

“நானும் உன் யானையைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்” என்று சொல்லிவிட்டு வெர்னா பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் வைத்தாள். பேசியதெல்லாம் இங்கிலீஷில்தான். இங்கே வசதிக்காகத் தமிழில் சொல்லியிருக்கிறது. அந்த ஜனங்கள் தங்களை என்ன பேர் சொல்லி அழைத்துக்கொள்வார்கள் என்பதையும் வெர்னா சொல்லிக்கொடுத்தாள். லவினா அதைத் திருப்பிச் சொன்னபோது ஊரே சிரித்தது. ஆகவே அந்தப் பேரை இங்கே எழுதிக் கெடுக்கவேண்டாம்.

இரண்டாவது வாரம் வெர்னா அந்த எட்டுப் பேரையும் ஒரு மைதானத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு காலத்தில் கத்தோலிக்கச் சாமியார்களும் கன்னியாஸ்திரிகளும் நடத்திய விடுதிப் பள்ளிக்கூடம் இருந்ததாம். வீட்டிலிருந்து பிள்ளைகளைப் பிடித்து வந்து, முடியை வெட்டி, பேரை எடுத்துவிட்டு நம்பர் கொடுத்திருக்கிறார்கள். சொந்த மொழி பேசினால் அடி. காய்ச்சலில் செத்த பிள்ளைகளைப் பின்பக்கம் புதைத்தார்கள். வீட்டுக்குத் தகவல் அனுப்பவில்லை. இப்போது அங்கே புல் மட்டும் இருந்தது. புல்லுக்கு நடுவே சின்னச் சின்னக் கொடிகள் நட்டிருந்தன. லவினா எண்ண ஆரம்பித்து, நாற்பதோடு நிறுத்திக்கொண்டாள். கழுத்தில் கிடந்த சிலுவையை எடுத்து பனியனுக்குள் போட்டாள்.

“மறைக்காதே” என்றாள் வெர்னா. “எங்க அம்மாவும் அதையேதான் போட்டிருந்தா, சாகிற வரைக்கும். அவளோட அக்கா இதுல எங்கேயோ இருக்கா. நம்பர் முப்பத்தொண்ணு. பேர் எங்க அம்மாவுக்கே மறந்துபோச்சு.”

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க, குழிகளை?”

“மண்ணுக்குள்ள பார்க்கிற மெஷின் பிறகுதான் வந்தது. அதுக்கு முன்னாடி நாங்களே நடந்து பார்த்தோம். ஆளைப் புதைச்ச மண் வருஷம் போகப்போக உள்வாங்கும். நீளமா ஒரு பள்ளம் விழும். அதுல புல் வேற பச்சையா இருக்கும். மந்திரமெல்லாம் இல்லை. புல்லைப் பார்த்தா போதும்.”

அன்று சாயங்காலம் மைதானத்து ஓரத்தில் நெருப்பு மூட்டினார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கும் அங்கே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு தட்டில் மீனும் ரொட்டியும் வைத்து, தங்கள் வீட்டில் செத்தவரின் பேரை நாலு தடவை கூப்பிட வேண்டும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் வருவார்கள். சாப்பிட்டு முடித்ததும், எலும்பு எங்கே இருக்கிறதோ அந்த இடத்தைச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும். இடத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று வெர்னா இரண்டு முறை சொன்னாள். விருந்தாளிகளும் கூப்பிடலாம்.

லவினா கூப்பிட்டாள். லாயிட், லாயிட், லாயிட், லாயிட். நாலாவது தடவையில், நெருப்புக்கு முன்னால் படுத்துக் கிடந்த மூன்று நாய்களும் எழுந்து, ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டுத் தள்ளிப் படுத்தன. அவள் அதைப் பார்த்தாள். வெர்னாவும் பார்த்தாள். நாய்கள் பொய் சொல்லாது என்பதால்தான் இதைக் குறிப்பிடுகிறேன்.

தட்டு காலியானதும், “போயிட்டு வா, அண்ணா” என்றாள் லவினா. “லைன் பதினாலு, ஆறாவது குழி, ஆனேக்கல் ரோடு, பெங்களூர்.”

நாய்கள் பழைய இடத்துக்குத் திரும்பி வந்தன.

செப்டம்பர் மாதம் ஒரு சாயங்காலம், மர்பி டவுன் வீட்டில் மௌரீன் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது வெர்னா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள்.

“உன் அண்ணன் இங்கே இருக்கான்” என்றாள்.

“எந்த அண்ணன்?”

“உனக்கு எத்தனை பேர்?”

லவினா போனைப் பிடித்தபடி சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். வெர்னா சாதாரணமாகத்தான் சொன்னாள். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுக் காலி பஸ்ஸைத் திருப்பும்போது, பின்சீட்டில் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான். கண்ணாடியில் மட்டும் தெரிகிறான். அரைக்கை சட்டை, தோளில் சதுரமாக ஒரு பெரிய பை. ஒரு வாரமாக இப்படித்தான். இன்றைக்கு பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு, யார் என்று கேட்டாளாம்.

“என்ன சொன்னான்?”

“விலாசம் தப்புன்னு சொன்னான். நீ சொன்ன இடத்துக்குப் போனானாம். அந்தக் குழியில ஒரு பாட்டி இருக்காங்களாம். தட்டினதுக்குத் தெலுங்குல திட்டி அனுப்பிட்டாங்களாம். வேற விலாசம் தெரியாம, கடைசியா சாப்பாடு போட்ட இடத்துக்கே திரும்பி வந்துட்டான்.”

ஸ்பீக்கர் போட்டிருந்தது. கஞ்சி வடிகிற பாத்திரத்தை அப்படியே விட்டுவிட்டு மௌரீன் வந்தாள். பாதி சோறும் சிங்கில் கொட்டிப்போனது. அவள் கேட்ட முதல் கேள்வி, “அவன் சாப்பிட்டானா?”

“மீன் சாப்பிடுறான்” என்றது போன். “காரம் இல்லைங்கறான்.”

“அவன்தான்” என்றாள் மௌரீன்.

சில்வெஸ்டர் வாசல்படியில் உட்கார்ந்து ஒரு மிக்ஸியைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஸ்குரூடிரைவர் கீழே விழுந்தது. “அந்தப் பொம்பளைக்குப் பைத்தியம்” என்றார். பிறகு தெருக்குழாயடிக்குப் போய், தண்ணீர் வராத குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாளிலிருந்து இது ஒரு வழக்கமாகிவிட்டது. சாயங்காலம் ஏழரை மணிக்கு, அங்கே காலை. வெர்னா காலி பஸ்ஸின் பின்சீட்டில் போனை வைத்துவிட்டு முன்னால் போய் காபி குடிப்பாள். மௌரீன் காலி சீட்டோடு பேசுவாள். பன்றியிறைச்சி வாங்கிப் பந்திக்கறி செய்தது, மாடி வீட்டுக்காரன் பைக்கை வாசலில் நிறுத்தியது, பீட்டர் அங்கிள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மூன்று வருஷம் பேசாததையெல்லாம் பேசினாள். “ஸ்வெட்டர் போட்டுக்கோ, லாயிட்டு” என்று ஒவ்வொரு நாளும் முடிப்பாள்.

விஷயம் தெருவுக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டு ரத்தினம்மாள் கையில் கீரைக்கட்டோடு வந்து நின்று கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

“உன் பையன் செத்தும் கனடாவுல செட்டில் ஆயிட்டான், மௌரீன். எனக்கும் ஒண்ணு இருக்குதே, யுவன். உசுரோட இருந்தும் பொம்மசந்திரா கம்பெனியைத் தாண்டல.”

மௌரீன் அதற்குச் சிரித்தாள். மூன்று வருஷத்தில் அம்மா சிரித்து லவினா பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆனால் அக்டோபரில் வெர்னாவின் குரல் மாறியது. லவினாவை மட்டும் தனியாகக் கூப்பிட்டாள்.

“பின்சீட்டுல இப்போ அவன் மட்டும் இல்லை. மைதானத்துப் பிள்ளைங்களும் வந்து உட்காருதுங்க. ஏழெட்டு. எல்லாம் மொட்டைத்தலை. அவன் பையைத் திறந்து என்னமோ எடுத்துக் கொடுக்கிறான். ஒரு பொண்ணு அவன் மடியிலயே உட்கார்ந்திருக்கா. நம்பர் முப்பத்தொண்ணுன்னு நினைக்கிறேன்.”

“அது நல்லதுதானே?”

“நல்லது இல்லை. நேத்து அவன் கிட்ட உன் பேரைக் கேட்டேன். யோசிச்சுச் சொன்னான். இன்னைக்கு ‘பெங்களூர்’னு சொன்னதுக்கு ‘அது யாரு’ங்கறான். பேர் இல்லாத பிள்ளைங்களோட ரொம்ப நாள் இருந்தா அப்படித்தான் ஆகும். ஏரி உறையுறதுக்குள்ள அவனை அனுப்பணும். உறைஞ்சா வழி மூடிடும். அப்புறம் அவன் எங்க ஆளு. எங்க பிள்ளைங்களுக்கு அவன் இருந்தா நல்லாத்தான் இருக்கும், லவினா. அதனாலதான் நானே சொல்றேன், சீக்கிரம் பண்ணு.”

“ஏரி எப்போ உறையும்?”

“நவம்பர் நடுவுல. சில வருஷம் முதல் வாரத்துலயே.”

லவினா அப்பாவின் கடைக்குப் போனாள். அவர் செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“டாடி, அண்ணனோட உண்மையான குழி எது?”

“லைன் பதினாலு...”

“அது இல்லை. அங்க ஒரு தெலுங்குப் பாட்டி இருக்காங்களாம்.”

“சும்னே இரு, லவினா. யாரோ எங்கயோ உட்கார்ந்துக்கிட்டு...”

“நீங்கதானே இறக்கினீங்க? உங்களுக்குத் தெரியாதா?”

கம்பி சுற்றுவது நின்றது. எத்தனை சுற்று ஆனது என்பதை அவர் மறந்துவிட்டார். மறந்தால் முழுக்கப் பிரித்துத்தான் மறுபடி கட்ட வேண்டும். “மழை” என்றார். “எல்லாரும் ஒரே டிரெஸ், முகமெல்லாம் மூடி. கண்ணாடியெல்லாம் ஆவி. வரிசையா இறக்கிக்கிட்டே இருந்தாங்க. நான் எண்ணினதுல தப்பு இருக்கலாம்.”

“அப்போ தேடலாம்.”

“அடுத்த வருஷம்...”

“மம்மிகிட்ட நீங்களே சொல்லுங்க, அடுத்த வருஷம்னு.”

அவர் சொல்லவில்லை. கம்பியைப் பிரிக்க ஆரம்பித்தார்.

நவம்பர் இரண்டாம் தேதி விடிந்ததும் முதல் பஸ்ஸில் கிளம்பினார்கள். மௌரீன் மடியில் ஒரு டிபன் கேரியர், பந்திக்கறியும் இட்லியும். லவினா கையில் போன். சில்வெஸ்டர் எதற்கென்று தெரியாமலே டூல்ஸ் பையை எடுத்துவந்திருந்தார். முந்தின நாள் பெய்த மழையில் கல்லறைத் தோட்டம் முழுக்க ஈரம். காவல்காரர் இராஜமாணிக்கம், ஓசூர் பக்கத்து ஆள், தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் ஆச்சரியப்படவில்லை.

“ஒரு நாளைக்கு நாப்பது வந்துச்சுங்கம்மா அப்போ. கயிறு கட்டித்தான் லைன் போட்டேன். மழை கயித்தையும் சேத்து அடிச்சுக்கிட்டுப் போச்சு. உங்களை மாதிரி நாலஞ்சு குடும்பம் வந்து தேடுனாங்க. ‘இங்க இருக்கிற எல்லாரையும் சேத்துக் கும்பிட்டுப் போயிடுங்க’ன்னு நாங்க சொல்லுவோம்.”

“எங்களுக்கு எல்லாரும் வேண்டாம்” என்றாள் மௌரீன்.

லவினா செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லைப் பார்த்து நடந்தாள். பார்த்தால் எல்லாமே பள்ளமாக இருந்தது. எல்லாப் புல்லும் ஒரே பச்சை. ஒரு மணிநேரம் நடந்தபின் வெர்னாவைக் கூப்பிட்டாள். அங்கே முந்தின நாள் ராத்திரி. வெர்னா வீட்டு முன்னால் நிறுத்தியிருந்த பஸ்ஸில்தான் உட்கார்ந்திருந்தாள். கரையோரம் கண்ணாடி மாதிரி பனி கட்ட ஆரம்பித்துவிட்டது என்றாள்.

“அவனைக் கேளுங்க, ப்ளீஸ். அவன் படுத்திருக்கிற இடத்துல என்ன தெரியுது?”

வெர்னா கண்ணாடியைப் பார்த்துக் கேட்கிற சத்தம் வந்தது.

“தெரியலையாம். இருட்டுங்கறான். ஒரு சத்தம் மட்டும் ஞாபகம் இருக்காம். மோட்டார் சத்தம். இழுத்து இழுத்து, முனகுற மாதிரி. ‘டாடி கேட்டா பேரிங் போச்சுன்னு சொல்லிடுவாரு’ங்கறான்.”

மௌரீன் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். சில்வெஸ்டர் டூல்ஸ் பையை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார்.

“இன்னொண்ணும் சொல்றான்” என்றது போன். “ரொம்ப சூடா இருக்காம்.”

“ஐயோ, நிழலே இல்லாத இடத்துல கிடக்கான் எம்பிள்ளை” என்றாள் மௌரீன்.

அப்போதுதான் லவினாவுக்குக் கேட்டது. தோட்டத்துக் கோடியில், காம்பவுண்டு சுவரோரம், போர்வெல் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கிர்ர்ர் என்று இழுத்து, ஒரு நொடி திணறி, மறுபடி இழுத்தது. அவள் ஓடினாள். மோட்டாருக்குப் பக்கத்தில் மரமோ நிழலோ இல்லை. சிலுவையும் இல்லை. சுவருக்கு இணையாக, நீளமாக ஒரு பள்ளம். அதில் மட்டும் புல் வேற பச்சையாக இருந்தது.

“மம்மி” என்று கத்தினாள்.

மௌரீன் வந்து பள்ளத்தின் தலைமாட்டில் மண்டியிட்டாள். புல்லின் ஈரத்தில் கையை வைத்துத் தடவினாள், காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

இராஜமாணிக்கம் பின்னாலேயே வந்துவிட்டார். “அம்மா, அங்க போன வருஷம் பைப்பு புதைக்க...” என்று ஆரம்பித்தார். சில்வெஸ்டர் அவர் தோளில் கை வைத்தார். அழுத்தி வைக்கவில்லை, சும்மாதான் வைத்தார். காவல்காரர் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, அவிழ்த்த துண்டை மறுபடி தலையில் கட்டிக்கொண்டு, “பைப்பு லீக் ஆகும், பாத்து உக்காருங்க” என்று முடித்தார்.

“டாடி” என்றாள் லவினா. “இங்கதானா?”

அவர் மோட்டாரைப் பார்த்தார். மௌரீனின் முதுகைப் பார்த்தார். பதில் வருவதற்குள் மோட்டார் நாலைந்து முறை திணறிவிட்டது.

“ஆமா” என்றார். “இங்கதான். இந்தச் சத்தம்தான்.”

வெர்னா போனில் முறையைச் சொன்னாள். மண்ணுக்குள் இறக்கியவர்தான் கூப்பிட வேண்டும். வேறு யார் கூப்பிட்டாலும் அவனுக்கு வழி தெரியாது. நாலு தடவை.

சில்வெஸ்டர் மண்டியிட்டார். முட்டிவலி இருந்த மாதிரித் தெரியவில்லை. வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. மௌரீன் அவர் கையைப் பிடித்தாள். “கூப்பிடுங்க” என்றாள். “உங்க பேச்சைத்தான் அவன் எப்பவும் கேப்பான்.”

“லாயிட்டு” என்றார். இரண்டாவது தடவை இன்னும் மெதுவாக வந்தது. மூன்றாவதில் குரல் உடைந்தது. நாலாவது தடவை அவர் பேரைச் சொல்லவில்லை என்று லவினாவுக்குத் தோன்றியது. தரையில் நெற்றி படும்படி குனிந்து, “டாடியை மன்னிச்சுட்டு வந்துடுடா” என்றார்.

மௌரீன் டிபன் கேரியரைத் திறந்து வைத்தாள். கறியிலிருந்து ஆவி எழுந்தது. காலை ஐந்து மணிக்குக் கட்டி, இரண்டு பஸ் மாறி வந்த கறி அது. இதற்கும் என்னிடம் விளக்கம் இல்லை.

போனில் நாய் குரைத்தது. பஸ் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

“பின்சீட்டுல அவன் இல்லை” என்றாள் வெர்னா. அவள் சந்தோஷமாகச் சொல்லவில்லை. “மத்ததுங்க எல்லாம் இருக்கு. பின்கண்ணாடிப் பக்கம் திரும்பி ரோட்டையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கு. அந்தப் பொண்ணு என்னைக் கேக்குறா, எங்களை எப்போ கூப்பிடுவாங்கன்னு.”

பதிலுக்குக் காத்திராமல் வெர்னா போனை வைத்துவிட்டாள்.

நாலு நாளில் அந்த ஏரி உறைந்தது என்று தகவல் வந்தது. மௌரீன் அதற்குள் மூன்று வருஷத்துத் தூக்கத்தையும் தூங்கி எழுந்திருந்தாள். லைன் பதினாலில் தான் எழுதிய பேரைத் தானே சுரண்டி எடுத்தாள். தெலுங்குப் பாட்டிக்கு ஒரு மெழுகுவர்த்தி வைத்து, இத்தனை வருஷம் தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிப்பும் கேட்டாள். மோட்டார் பக்கத்தில் கறுப்புக் கல்லில் சிலுவை வைத்தார்கள். பேரைச் சில்வெஸ்டர்தான் எழுதினார்.

அந்த மோட்டாருக்குப் புது பேரிங் போட்டதும் அவர்தான். இப்போது சத்தமே இல்லாமல் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் யாருக்கும் சொல்லாமல் ஆனேக்கல் பஸ் ஏறிவிடுகிறார். ஒரு தடவை லவினா பின்னாலேயே போய், கேட்டில் நின்று பார்த்தாள். அவர் அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கல்மேல் ஸ்குரூடிரைவரை வைத்து, அதன் பிடியில் காதை வைத்திருந்தார்.

ஊருக்கு வெளியே உள்ள ஒரு மின்சாரத் தகனக்கூடத்தின் பதிவேட்டில், 2021 மே 11-ஆம் தேதிப் பக்கத்தில், முப்பத்தெட்டாவது வரி இது: லாயிட், வயது 24, உடலை ஒப்படைத்தவர் தகப்பன் எஸ். சில்வெஸ்டர், சாம்பல் வாங்க யாரும் வரவில்லை.